துலாக்கல்

துலாவின் வாலில் இரண்டு கற்கள் தொங்கின. அந்தக் குடியேற்றக் காணிகளில் மற்றக் கிணறுகள் எல்லாவற்றிலும் ஒன்றுதான். நீளப் பனைமரம் இரண்டு கால்களுக்கு நடுவே அச்சில் ஆடும். முன் நுனியில் கொடி என்கிற கயிறு, கொடியில் வாளி. பின் நுனியில் வாளிக்கு ஈடாக ஒரு கல். இதுதான் துலா. தில்லைநாதனின் வளவுக்குப் புதிதாக வருகிறவர்கள் இரண்டாவது கல்லைக் கண்டு கேட்க வாயெடுப்பார்கள். பிறகு விறாந்தையில் மாலையோடு இருக்கும் படத்தைக் கண்டு கேட்காமல் விட்டுவிடுவார்கள்.

இரண்டாவது கல்லை அவன்தான் கட்டினான். போன வருடம் ஆனி மாதம். கச்சான் காற்று அடித்து நிலம் காய்ந்து, கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போயிருந்தது. மனைவி பத்மாசனிக்கு ஏழாம் மாதம். தண்ணீர் அள்ளாதே என்றால் கேட்கிற ஆளில்லை அவள். அவன் முள்ளியவளைப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வருவதற்குள் தொட்டியையும் நிரப்பிக் கத்தரிக்கும் ஊற்றி முடித்திருப்பாள். ஒரு சனிக்கிழமை குளக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கருங்கல்லைச் சைக்கிள் கரியரில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தான். தும்புக் கயிற்றால் துலாவின் வாலில் கட்டினான்.

"உதென்ன கணக்கு?" என்று பத்மாசனி கேட்டாள்.

"வெறும் வாளியை இறக்கேக்க உம்மடை பாரத்தைப் போட்டு இழும். நிறைஞ்ச வாளி தானா மேல வரும். தூக்கிற வேலை கல்லுக்கு."

"நான் இழுத்தா இறங்குமே? நான் என்ன அவ்வளவு பாரமே?"

"இப்ப நீர் ரெண்டு பேரெல்லே."

அவள் சிரித்தாள். கொடியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள். துலா தலை குனிந்தது. நிறைந்த வாளி ஒரு கை உதவியோடு மேலே வந்தது.

"தண்ணி தன்ரை பாட்டிலை வருது. அப்பிடியே குசினிக்கை போய் அடுப்படியிலை இருக்கச் சொல்லுங்கோ," என்றாள்.

ஆவணியில் அவள் இறந்தாள். பிள்ளை பிறந்து அழுதது. தாய் அதைப் பார்த்தாள், முகத்தைத் துடைத்துவிடுங்கோ என்று சொன்னாளாம். பிறகு இரத்தம் நிற்கவில்லை. செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள்.

அன்றிலிருந்து கல் அங்கேயே தொங்கியது. அவனுக்கு அந்தத் துலா பொருந்தாது. காலையில் கிணற்றுக் கட்டின் ஓரத்தில் நின்று கொடியை எட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கி, உடம்பு முழுவதையும் முன்னுக்குக் கொடுத்துத் தொங்கினால்தான் வாளி இறங்கும். உடம்பும் மெலிந்துபோனது, ஆகவே இன்னும் தொங்கவேண்டியிருந்தது. கல்லைக் கழற்றுவது சிறிய வேலை. மனைவியின் நினைவாக வைத்திருக்கிறான் என்று ஊர் சொன்னது. அப்படி ஒன்றும் இல்லை. கழற்றவேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். கத்தரிப் பாத்தி புல்லாகிப் போனது. சைக்கிளின் பின் பிரேக் அறுந்தது. முன் பிரேக்கோடு ஓடினான். பிள்ளையைப் பார்க்கப் போகவில்லை.

பிள்ளையைப் பத்மாசனியின் தாய் கமலாசனி கொடிகாமத்துக்குக் கொண்டுபோயிருந்தாள். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு மட்டும் போனான். பிள்ளை நித்திரையாக இருந்தது. என்ன பெயர் வைப்போம் என்று மாமி கேட்டதற்கு, நீங்களே வையுங்கோ என்றான். வாசுகி என்று வைத்தார்கள். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டான்.

இந்த ஆடியில் சின்னராசா வந்தான். பத்மாசனியின் தமையன், கணக்கு வாத்தியார், மனைவி நேசமலரோடு கொடிகாமத்தில் தாயின் வீட்டில் இருக்கிறவன். வந்த கையோடு விறாந்தைக் கதிரையில் இருந்து விஷயத்தைச் சொன்னான்.

"நைஜீரியாவிலை வேலை கிடைச்சிட்டுது மச்சான். புரட்டாதியிலை பயணம். எங்களுக்குப் பிள்ளையில்லாதது உமக்குத் தெரியும். வாசுகி நேசமலரோடை ஒட்டிப்போச்சு. எங்களோடை கொண்டுபோகட்டோ?"

தில்லைநாதன் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உடன சொல்லவேண்டாம். ஆவணியிலை பத்மாவின்ரை ஆட்டைத் திவசத்துக்கு எல்லாரும் வருவம். அண்டைக்குச் சொல்லும். ஆனா ஒண்டு, நீர் பேசாமல் இருந்தா நான் ஓம் எண்டுதான் எடுப்பன்."

"ம்," என்றான் தில்லைநாதன்.

அதற்குப் பிறகு பல தடவை அந்தக் கேள்வியைத் தனக்குள் போட்டுப் பார்த்தான். ஓம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். இல்லை என்று சொல்லவும் வேண்டும். இரண்டும் வரவில்லை. ஆழம் பார்க்கக் கல்லைப் போட்டால் சத்தம் கேட்காத கிணறு மாதிரி இருந்தது உள்ளே.

ஆவணி விடுமுறைக்கு முந்திய கிழமை, உயர்தர வகுப்பில் சமநிலைப் பாடம். மேசையில் ஒரு செங்கல்லை வைத்தான்.

"இதில தாக்கிற விசைகள் என்ன?"

வகுப்பு செங்கல்லைப் பார்த்தது.

"ஒண்டுமில்லை சேர்," என்றான் முத்துலிங்கம். "அது சும்மா கிடக்கு."

"சும்மா கிடந்தா விசை இல்லையோ?"

"இருந்தா அசையுமெல்லே சேர். எங்கடை அப்பர் மாதிரி. ஆரும் உதைச்சாத்தான் எழும்புவார்."

வகுப்பு சிரித்தது. தில்லைநாதன் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. கரும்பலகையில் பெட்டி கீறி, கீழே ஓர் அம்புக்குறி, மேலே ஓர் அம்புக்குறி போட்டான்.

"பூமி கீழ இழுக்குது. மேசை மேல தள்ளுது. ரெண்டும் சமன். அதாலதான் அசையேல்லை. ஓய்வில இருக்கிற பொருளில விசை இல்லை எண்டு சோதினையில ஒருத்தரும் எழுதப்படாது. விளையுள் விசைதான் பூச்சியம்."

"மேசை தள்ளுறது செங்கல்லுக்குத் தெரியுமோ சேர்?" என்று முன் வரிசை வாங்கில் இருந்த சிவலட்சுமி கேட்டாள். பகிடிக்குக் கேட்கவில்லை.

"தெரியாது," என்றான். சற்று யோசித்தான். "மேசையை எடுத்தாத் தெரியும்."

"கயிறிழுக்கிற மாதிரி சேர்," என்றான் முத்துலிங்கம். "போன விளையாட்டுப் போட்டியிலை நீல இல்லக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் கயிற்றை விட்டிட்டாங்கள். நாங்கள் அப்பிடியே பின்பக்கமா விழுந்தனாங்கள். நான் ரெண்டு நாள் வாங்கிலை இருக்கேல்லை."

"அதுதான். காலாலை நிலத்தை உதைச்ச விசை அப்பிடியே இருந்தது. எதிர் விசை இல்லாமல் போச்சுது. விளையுள் பிறகு பூச்சியமில்லை. அதாலை உடம்பு பின்னுக்குப் போச்சுது."

மணி அடித்தது. செங்கல்லை எடுத்து யன்னலடியில் வைத்துவிட்டுப் போனான்.

சைக்கிளில் திரும்புகிறபோது அந்தச் செங்கல்லை நினைத்தான். தன்னை எந்தப் பக்கமும் எதுவும் இழுக்கவில்லை என்று பட்டது. கீழ் அம்புக்குறியும் இல்லை, மேல் அம்புக்குறியும் இல்லை. முத்துலிங்கம் சொன்னதுபோலச் சும்மா கிடக்கிறான். பிள்ளை நைஜீரியாவுக்குப் போகும். அதற்கு அவன் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. செய்யாமல் இருந்தால் போதும்.

திவசத்துக்கு முதல் நாள் பின்னேரம் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். சின்னராசாவின் கையில் இரண்டு பயணப் பைகள். கமலாசனி மாமி வாழையிலைக் கட்டோடு இறங்கினாள். கடைசியாக நேசமலர், இடுப்பில் பிள்ளை. தானே தைத்த மஞ்சள் சட்டை போட்டுவிட்டிருந்தாள். கழுத்தோரத்தில் சின்னச் சின்னப் பூக்கள் நூலால் பின்னியிருந்தது.

"குஞ்சு, அப்பாவைப் பாருங்கோ. அப்பாட்டைப் போறீங்களோ?"

பிள்ளை அவனைப் பார்த்தது. பிறகு முகத்தை நேசமலரின் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டது. அவன் கையை நீட்டவில்லை. பைகளை வாங்கிச் சைக்கிளில் கொளுவினான்.

வளவுக்குள் கால் வைத்ததும் மாமியின் கண் துலாவில் போய் நின்றது.

"உதேன் தம்பி ரெண்டு கல்லு?"

"சும்மா மாமி."

மாமி கால் கழுவ வாளியை இறக்கப் போனாள். கொடியைப் பிடித்து இழுத்தாள். துலா அசையவில்லை. இன்னொரு தரம் இழுத்தாள். குதிக்கால்தான் நிலத்தை விட்டு எழும்பியது.

பக்கத்துக் காணியிலிருந்து சுடலைமுத்து ஓடி வந்தான். அவனும் மனைவி ராக்காயியும் எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தோடு மலைநாட்டை விட்டு வந்தவர்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது இங்கே கூலிக்கு வயல் செய்கிறவர்கள். தில்லைநாதனின் கிணற்றில்தான் தண்ணீர்.

"அம்மா நகருங்க. இந்தத் துலா எனக்கும் மாஸ்டர் ஐயாவுக்கும் மட்டுந்தான் தலையாட்டும்," என்று சொல்லிக் கொடியில் தொங்கினான் சுடலைமுத்து.

"இவரு தொங்குற தொங்கைப் பாத்தா, தண்ணி எடுக்கிறாரா, தூக்குப் போட்டுக்கிறாரான்னு தெரியாதுங்க," என்றாள் ராக்காயி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று.

"உங்கடை ஊரிலை துலா இல்லையோ பிள்ளை?" என்று மாமி கேட்டாள்.

"எங்கம்மா? எங்களுக்குப் பீலிதான். மலையிலேர்ந்து தானா வரும், குடத்தை வச்சா நெறஞ்சிரும். இங்க வந்துதான் இதைக் கண்டோம். முதல்ல ஏதோ கொக்கு நிக்குதுன்னு நெனைச்சேன்."

மாமி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு சின்னராசா "நாளைக்கு," என்று மட்டும் சொல்லிப் பாயை விரித்தான். உள்ளே நேசமலர் பிள்ளையைத் தாலாட்டி நித்திரையாக்கும் சத்தம் கேட்டது. மாமி குசினி வாசலில் இருந்து நாளைக்கான உழுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். மகனோடும் ஒன்றும் சொல்லவில்லை, மருமகனோடும் ஒன்றும் சொல்லவில்லை. சுளகு மட்டும் ஒரே சீராக ஏறி இறங்கியது.

விடிகிற நேரத்தில் எழும்பினான். குருக்கள் வருமுன் முழுகவேண்டும். வளவின் ஒரு மூலையில் ராக்காயி அடுப்பு மூட்டி முடித்திருந்தாள். பெரிய பானைக்கு வெளியேதான் அடுப்பு. புகை தாழ்வாக ஓடியது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. துலாவின் வாலையும் பார்க்கவில்லை. ஒரு வருடமாக அவன் அதைப் பார்த்ததே இல்லை. கைக்குத் தெரியும், முழங்காலுக்குத் தெரியும். கண்ணுக்கு அங்கே வேலையில்லை.

கட்டோரத்தில் நின்றான். கொடியை எட்டிப் பிடித்தான். முழங்காலை மடக்கி, உடம்பு முழுவதையும் முன்னுக்குக் கொடுத்துத் தொங்கினான்.

எதிர்ப்பு இல்லை.

துலா தலையைக் குனிந்துகொண்டு வழுக்கிப் போனது. வாளி போனது. கொடி போனது. கொடியைப் பிடித்த கைகள் போயின. கைகளோடு அவனும் போனான். கட்டு வயிற்றில் இடித்தது. நெற்றி உட்சுவர்க் கல்லில் மோதியது. கால்கள் நிலத்தை விட்டன.

கட்டின்மேல் குறுக்காகக் கிடந்தான். பாதி உள்ளே, பாதி வெளியே. உள்ளே பாதி கூட. கீழே, வெகு கீழே, ஒரு துண்டு வானம் உடைந்து ஆடியது. வாளி விழுந்த இடம்.

அந்தத் தண்ணீரை அந்த வருடத்தில் எத்தனையோ தரம் குனிந்து பார்த்திருக்கிறான். விழுந்தால் என்ன என்று நினைத்ததும் உண்டு. துக்கத்தோடு நினைக்கவில்லை. வேறு யாரோ ஒருவரின் கணக்கைச் சரிபார்ப்பதுபோல நினைத்தான்.

இப்போது நினைக்க நேரமில்லை. கொடியை இறுக்கிப் பிடித்திருந்தான். கொடி பிடிமானம் தரவில்லை. அவன் இறங்க அதுவும் கூட இறங்கியது. வயிறு கட்டின் விளிம்பில் அரைபட்டு இன்னும் கொஞ்சம் உள்ளே வழுக்கியது. கைகள் தாமாகவே விரிந்தன. கொடி போயிற்று. ஒரு கை உட்சுவரை முட்டி நின்றது. மற்றக் கை பின்னுக்குப் போய்க் கட்டின் வெளி விளிம்பைத் துழாவிக் கண்டுபிடித்துக் கவ்வியது. நகம் கிழிந்தது. கால்கள் காற்றில் உதைத்தன, ஒருதரம், இன்னொருதரம், பிறகு வெளிப்பக்கம் பாரமாகி, அவன் சீமெந்தில் முதுகு அடிபட விழுந்தான்.

யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது தன் குரல் என்று தெரிந்தது.

ராக்காயி முதலில் வந்தாள். பின்னால் சுடலைமுத்து.

"ஐயோ சாமி. மாஸ்டரே. நெத்தியெல்லாம் ரத்தம்."

"கல்லு," என்றான் அவன். மூச்சு வாங்கியது. "கல்லு எங்கை?"

ராக்காயிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு துலாவின் வாலைப் பார்த்தாள். கையை வாயில் வைத்தாள்.

"நான்தான் எடுத்தேன். பெரிய பானைக்கு மூணு கல்லு வேணும், ரெண்டுதான் ஆம்பிட்டுச்சு. இருட்டுல எங்க போயி தேட? துலாவுல ரெண்டு தொங்குதே, ஒண்ணு உபரியா கட்டி வச்சிருக்காங்கன்னு நெனைச்சு இவரை அவுத்துத் தரச் சொன்னேன். வேலை முடிஞ்சதும் திரும்பக் கட்டிறலாம்னு..."

"நான் கேட்டேன் மாஸ்டரே," என்றான் சுடலைமுத்து தலையைக் குனிந்து. "ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுப்பமான்னு கேட்டேன். தூங்குறவரை எதுக்கு எழுப்புறதுன்னா இவ."

தில்லைநாதன் அடுப்பைப் பார்த்தான். மூன்று கற்களில் ஒன்று அவனுடையது. அதன் ஒரு பக்கம் கரி பிடித்துவிட்டது. மேலே பானை ஆடாமல் அசையாமல் இருந்தது. உலை கொதித்தது.

அவனுக்குக் கோபம் வரவில்லை. நெஞ்சு உள்ளேயிருந்து கதவைத் தட்டுவதுபோல அடித்தது. வயிற்றில் தோல் உரிந்த இடம் எரிந்தது. நெற்றி நொந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. இவ்வளவு நாளும் இந்த உடம்பு எங்கே இருந்தது என்று நினைத்தான்.

மாமி வந்தாள். அவளுடைய இடுப்பில் வாசுகி. நேசமலர் குளத்துப் பக்கம் முழுகப் போயிருந்தாள் போல.

"என்ன நடந்தது?"

ராக்காயி அழுதுகொண்டே சொன்னாள். மாமி கிணற்றுக் கட்டையும் துலாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இப்ப சொல்லுங்கோ தம்பி. அந்தக் கல்லை ஏன் கட்டினனீங்கள்?"

"பத்மாவுக்கு," என்றான். "வயித்திலை பிள்ளையோடை தண்ணி தூக்கக் கஷ்டம். அவவின்ரை பாரத்துக்குக் கணக்குப் பாத்துக் கட்டினனான். ரெண்டு பேரின்ரை பாரத்துக்கு."

அவனுடைய நெற்றியிலிருந்து இரத்தம் கண்ணுக்குள் வழியத் தொடங்கியது. மாமிக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. ராக்காயியின் கை கரி. சுடலைமுத்து குசினிக்குத் தண்ணீர் எடுக்க ஓடிவிட்டான்.

"பிடியுங்கோ," என்று பிள்ளையை அவன் மடியில் வைத்தாள் மாமி. சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

பிள்ளை அவனுடைய முகத்தைப் பார்த்தது. இரத்தத்தைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. பிறகு இரண்டு பாதத்தையும் அவன் நெஞ்சில் ஊன்றி, முதுகை வில்லாக வளைத்து, அவனிடமிருந்து வெளியே போகத் தள்ளியது. சின்னப் பாதங்கள். அவ்வளவு பலம் அதற்குள் இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. பிடியைத் தளர்த்தினால் சீமெந்தில் தலை அடிபட விழும். அவன் பிடித்தான். அது தள்ளத் தள்ள அவனும் பிடிக்க வேண்டியிருந்தது. கூடப் பிடித்தால் நோகும், குறையப் பிடித்தால் போய்விடும். எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு.

"அழட்டும். விட்டிடாதேங்கோ," என்றாள் மாமி, நெற்றியைத் துடைத்தபடி.

"விடேல்லை மாமி."

கொஞ்ச நேரத்தில் பிள்ளை களைத்தது. கால் மடங்கியது. தலை அவன் தோளில் சரிந்தது. விக்கல் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு விக்கலும் அவனுடைய நெஞ்சில் இடித்தது. ஈரத் தலையோடு ஓடிவந்த நேசமலர் கிணற்றடிக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டாள். வந்து பிள்ளையை வாங்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள்.

நெற்றிக் கட்டோடுதான் திவசம் செய்தான். குருக்கள் சொன்னதைச் சொன்னான். எள்ளும் தண்ணீரும் விட்டான். பத்மாசனியின் பெயரைச் சொல்லச் சொன்னபோது கையிலிருந்த எள்ளைப் பார்த்துக்கொண்டு இருந்தான். குருக்கள் காத்திருந்தார். பிறகு சொன்னான். அடுப்பிலிருந்து சோறு இறங்கியது, படைத்தார்கள், காகம் வந்து எடுத்தது. ராக்காயியும் சுடலைமுத்துவும் மற்றவர்களோடு இருந்து சாப்பிட்டார்கள்.

பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்தானதும் சின்னராசா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான்.

"சரி மச்சான். ஒரு சொல்லுச் சொல்லும்."

"பிள்ளை இஞ்ச நிக்கட்டும்."

சின்னராசா எதிர்பார்க்கவில்லை. "இஞ்ச எண்டா?"

"என்னோடை."

"ஒரு வரியம் எட்டிப் பாக்கேல்லை நீர். பிள்ளைக்கு எப்ப பல்லு முளைச்சது தெரியுமோ?"

"தெரியாது."

"என்ன திண்ணும், என்ன திண்ணாது தெரியுமோ?"

"தெரியாது."

"பேந்தென்ன கதை உது? காலமை விழுந்து தலை அடிபட்டதிலை வந்த ஞானமோ?"

"இருக்கலாம்."

"பகிடி விடுறீரோ?"

"இல்லை மச்சான். என்னட்டை வேற பதில் இல்லை. நான் பேசாமல் இருந்தா ஓம் எண்டு எடுப்பன் எண்டனீர். பேசிறன். தரமாட்டன்."

சின்னராசா எழும்பினான். "அவளைப் பாரும்," என்று நேசமலரைக் காட்டினான். "ராத்திரி பகலா வளத்தவள். அவளுக்கு என்ன சொல்லப்போறீர்?"

தில்லைநாதனுக்கு அவளை நிமிர்ந்து பார்க்கவேண்டியிருந்தது, பார்த்தான். அது கிணற்றைப் பார்ப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"விடுங்கோப்பா," என்றாள் நேசமலர். பையைத் திறந்து பிள்ளையின் உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்துக்கொண்டிருந்தாள். "அவர் வாய் திறக்கேல்லை எண்டுதானே கேட்டனாங்கள். திறந்திட்டார்." பிறகு அவனைப் பார்க்காமல் சொன்னாள்: "இரவிலை எழும்பினா ஆறின சுடுதண்ணி குடுங்கோ. பால் குடுத்துப் பழக்கிப்போடாதேங்கோ. வாழைப்பழம் எண்டா கதலி மட்டும். மற்றது தடிமன் காட்டும், மூக்கு ஓடும். முதுகிலை தட்டினா நித்திரை வராது. காலைத் தடவிவிடவேணும்."

"ஓம் அக்கா."

அவள் வீட்டுக்குப் பின்னால் போனாள். கனநேரம் வரவில்லை. வரும்போது முகம் கழுவியிருந்தது. பிள்ளையைத் தூக்கவில்லை. தலையை மட்டும் ஒருதரம் தடவினாள்.

பஸ்ஸுக்கு நேரமாகியது. சின்னராசா பைகளை எடுத்தான். ஒன்று வெறும் பை.

"அம்மா, வெளிக்கிடுங்கோ."

கமலாசனி மாமி குசினி வாசலை விட்டு அசையவில்லை.

"நான் எங்கை வெளிக்கிடுறது? நீ ஆபிரிக்காவுக்குப் போறாய். கொடிகாமத்திலை நான் சுவரோடையே கதைக்கிறது?"

"அப்ப நேற்றே சொல்லியிருக்கலாமெல்லே."

"நேற்று என்னை ஆர் கேட்டது? ரெண்டு பேரும் உங்கடை உங்கடை பாட்டிலை நிண்டியள். நான் ஆரின்ரை பக்கம் நிண்டாலும் மற்றது சரிஞ்சிருக்கும்."

சின்னராசா தாயைப் பார்த்தான். பிறகு படலையைத் திறந்துகொண்டு போனான். நேசமலர் பின்னால் போனாள். ஒழுங்கை திரும்பும் வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளை படலைப் பக்கம் கையை நீட்டி நீட்டி அழுதது. தில்லைநாதன் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். அதன் அழுகை நியாயமானது என்று அவனுக்குத் தெரிந்தது. அதை நிறுத்தத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்பதும் தெரிந்தது. உள்ளே ஏதோ இரண்டு பக்கமும் இழுத்தது. அவன் அசையாமல் நின்றான்.

வெயில் தாழ்ந்தபோது மாமி கிணற்றடிக்குப் போனாள். கொடியைப் பிடித்து இழுத்தாள். ஒரு கல்லோடு துலா இப்போது இலேசாகத் தலை குனிந்தது. ஆனால் நிறைந்த வாளியை மேலே இழுக்க அவளுக்கு மூச்சு வாங்கியது. பாதியில் விட்டுவிட்டாள்.

"தம்பி, எனக்கு உந்தத் துலா சரிவராது," என்று கூப்பிட்டுச் சொன்னாள்.

ராக்காயி அடுப்பிலிருந்து கல்லை உருட்டிக்கொண்டு வந்தாள். தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தாள். கரி போகவில்லை.

"இந்தாங்க மாஸ்டரே. இனிமே இந்தக் கிணத்துப் பக்கத்துல ஒரு குச்சியைக்கூட கேக்காம தொடமாட்டேன்."

"அது மாமிக்குப் பாரம் கூடிப்போம்," என்றான் அவன். "அடுப்பிலையே இருக்கட்டும். பானை நல்லா இருந்தது."

பிள்ளையை ராக்காயியிடம் கொடுத்துவிட்டு வேலியோரமாகத் தேடினான். ஒரு சின்னக் கல்லைத் தூக்கிப் பார்த்து வைத்தான். இன்னொன்றைத் தூக்கினான். அதைக் கொண்டுவந்து புதுக் கயிற்றால் துலாவின் வாலில், பழைய கல்லுக்குப் பக்கத்தில், கட்டினான். கிணற்றுக் கட்டையும் பார்த்தான். தவழுகிற பிள்ளை, நாளைக்கே சுற்றி அடைக்கவேண்டும்.

"இழுத்துப் பாருங்கோ மாமி."

இழுத்தாள். "இறங்குது. ஆனா ஏறக் கஷ்டம்."

இன்னொரு சின்னக் கல்லைச் சேர்த்துக் கட்டினான். பிள்ளை ராக்காயியிடம் நிற்காமல் முறுகியது. வாங்கிக்கொண்டான். அது மறுபடியும் அவன் நெஞ்சில் காலை ஊன்றியது. ஒரு கையால் முதுகைத் தாங்கிப் பிடித்தான்.

மாமி கொடியை இழுத்தாள். வாளி இறங்கியது, தண்ணீரில் அமிழ்ந்தது, நிறைந்து ஒரு கை உதவியோடு மேலே வந்தது. கட்டின்மேல் வைத்தாள். தண்ணீர் தளம்பி நின்றது.

"காணும் தம்பி. இனிக் கட்டவேண்டாம்," என்றாள்.